பெட்டி கட்டும் முன்



நம் ஊரிலிருந்து பலர் வெளிநாடு போகிறார்கள். சிலர் தனியாகப் போகிறார்கள். சிலர் குடும்பத்தோடு போகிறார்கள். தனி ஆள் போவது ஒரு வகை. மனைவி, பிள்ளைகளோடு போய்க் குடியிருப்பது வேறு வகை. அதற்கு முன்யோசனை வேண்டும். காகிதங்கள் வேண்டும். கணக்கு வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் காகிதங்களை நாமே படித்துப் பார்க்க வேண்டும். இந்தப் பாடம் அதைப் பற்றியது.

நான் மும்பை தாராவியில் ஒரு கற்போர் மையத்தில் தொண்டர். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். எங்கள் மையத்துக்கு வந்த ஒரு அக்காவின் அனுபவத்தை இங்கே எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

1. போனில் வந்த செய்தி

முத்துலட்சுமி அக்கா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்திருப்பார். இட்லி அவிப்பார். ஆறு மணிக்கு அவருடைய தம்பி தூக்குப் பாத்திரத்தில் எடுத்துப்போய் விற்று வருவார். இரவு எட்டு மணிக்கு அக்கா மையத்துக்கு வருவார். தமிழ் எழுத்துக்களை ஒன்றரை ஆண்டில் கற்றுக்கொண்டார். பிறகு ஆங்கில எழுத்துக்களையும் எழுதத் தொடங்கினார்.

அவருடைய கணவர் கணேசன் அண்ணன் ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். ஷார்ஜா, துபாய், அபுதாபி எல்லாம் ஐக்கிய அரபு அமீரகம் என்ற நாட்டில் உள்ளன. அண்ணன் அங்கே போய் ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஊருக்கு வருவார். மகள் கவிதா மூன்றாம் வகுப்பு. மகன் குமாருக்கு நாலு வயது. அவன் தன் அப்பாவை "போன் அப்பா" என்று கூப்பிடுவான்.

ஒரு நாள் அக்கா சிரித்த முகத்தோடு வந்தார்.

"தங்கச்சி, எங்க வீட்டுக்காரர் எங்களை அங்கே கூப்பிடுகிறார். குடும்ப விசா எடுக்கலாமாம். அடுத்த மாதமே போகலாம் என்கிறார்."

"நல்ல செய்தி அக்கா! என்னென்ன வேண்டுமாம்?"

"பாஸ்போர்ட் இருக்கிறது. கல்யாணச் சான்றிதழ் இருக்கிறது. வேறு என்ன வேண்டும்?"

எனக்கும் தெரியவில்லை. "நாளைக்கு எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். படித்துப் பார்க்கலாம்" என்றேன்.

2. ஒரு எழுத்து செய்த வேலை

மறுநாள் அக்கா ஒரு துணிப்பை நிறையக் காகிதங்களோடு வந்தார். பாயில் பரப்பி வைத்தோம். நான் படிக்கவில்லை. அக்காவையே படிக்கச் சொன்னேன்.

அக்கா பாஸ்போர்ட்டைத் திறந்தார். தன் பெயரை ஒவ்வொரு ஆங்கில எழுத்தாகப் படித்தார். பிறகு திருமணச் சான்றிதழைப் படித்தார். பாதியில் நிறுத்தினார்.

"தங்கச்சி, இங்கே லட்சுமி என்பதில் 'எக்ஸ்' இருக்கிறது. பாஸ்போர்ட்டில் 'எக்ஸ்' இல்லையே! அங்கே 'கே.எஸ்.ஹெச்.' என்று இருக்கிறது."

நானும் பார்த்தேன். அக்கா சொன்னது சரி. சான்றிதழில் பெயர் இரண்டு சொல்லாகப் பிரிந்தும் இருந்தது. பாஸ்போர்ட்டில் ஒரே சொல்லாக இருந்தது. மராத்தியர்கள் லட்சுமி என்ற பெயரை 'எக்ஸ்' போட்டு எழுதுவது வழக்கம். பதிவு செய்தவர் தன் வழக்கப்படி எழுதிவிட்டார். அப்போது அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. கைநாட்டு வைத்து வாங்கி வந்துவிட்டார்.

இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் வெளிநாட்டு அதிகாரிக்கு முத்துலட்சுமி அக்காவைத் தெரியாது. காகிதத்தைத்தான் தெரியும். இரண்டு காகிதத்தில் இரண்டு பெயர் இருந்தால், இரண்டு பெண்கள் என்றுதான் நினைப்பார். 'இவர்தான் கணேசனின் மனைவி' என்று காட்ட வேறு சாட்சி அங்கே கிடையாது.

தமிழ்க் குடும்பங்களுக்குப் பெயரில் இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு.

ஒன்று, தலைப்பெழுத்து. நாம் 'க. முத்துலட்சுமி' என்று எழுதுவோம். பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்தை மட்டும் போட முடியாது. 'க' என்றால் என்ன என்று முழுப் பெயராக விரித்து எழுத வேண்டும்.

இரண்டு, குடும்பப் பெயர். பாஸ்போர்ட்டில் பெயருக்கு இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று 'சர்நேம்'. அது குடும்பப் பெயர். மற்றது 'கிவன் நேம்'. அது நமக்கு வைத்த பெயர். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அதனால் ஒரு கட்டம் காலியாக இருக்கும். 2022 நவம்பரில் அமீரகம் ஓர் அறிவிப்புச் செய்தது. பெயர் ஒரே சொல்லாக இருப்பவர்கள் விசிட் விசாவில் வர முடியாது என்று அது சொன்னது. டிக்கெட் எடுத்தபின் பலர் தவித்தார்கள். எனவே புதிதாகப் பாஸ்போர்ட் எடுக்கும்போதே இரண்டு கட்டத்தையும் நிரப்புங்கள். தந்தை பெயரையோ கணவர் பெயரையோ குடும்பப் பெயராகப் போடலாம்.

என்ன செய்ய வேண்டும்?

• வீட்டில் உள்ள எல்லாருடைய பாஸ்போர்ட், ஆதார், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றை ஒன்றாக வையுங்கள்.
• பெயர், பிறந்த தேதி, தாய் பெயர், தந்தை பெயர் இவற்றை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.
• பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் உள்ள தாய் பெயரும், தாயின் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.
• எது தவறோ அதைக் கொடுத்த அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துத் திருத்துங்கள்.
• பாஸ்போர்ட் குறைந்தது இன்னும் 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். பெரியவர்களுக்குப் பாஸ்போர்ட் 10 ஆண்டு செல்லும். சிறு பிள்ளைகளுக்கு 5 ஆண்டுதான்.
• கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும்.

அக்காவின் ஆதாரும் பாஸ்போர்ட்டும் ஒத்திருந்தன. எனவே திருமணச் சான்றிதழைத் திருத்த முடிவு செய்தார். மாநகராட்சி அலுவலகத்துக்கு நாலு முறை நடந்தார். அதற்கு ஒன்றரை மாதம் ஆனது.

3. சான்றிதழுக்கும் பயணம் உண்டு

நம் நாட்டுச் சான்றிதழை வெளிநாடு அப்படியே ஏற்காது. 'இது உண்மையானது' என்று அரசு முத்திரை வைக்க வேண்டும். இதைச் சான்றுறுதி என்பார்கள். மக்கள் 'அட்டெஸ்டேஷன்' என்று சொல்கிறார்கள்.

அமீரகத்துக்கு நாலு படிகள்:

முதல் படி: சான்றிதழ் கொடுத்த மாநிலத்தின் அரசு.
இரண்டாம் படி: இந்திய வெளியுறவு அமைச்சகம்.
மூன்றாம் படி: இந்தியாவில் உள்ள அமீரகத் தூதரகம்.
நாலாம் படி: அமீரகத்தின் வெளியுறவு அமைச்சகம்.

ஒன்றைக் கவனியுங்கள். சான்றிதழ் எந்த மாநிலத்தில் கொடுத்ததோ, அந்த மாநிலத்தில்தான் முதல் முத்திரை. திருமணத்தைத் தமிழ்நாட்டில் பதிந்து, மும்பையில் குடியிருந்தால், காகிதம் தமிழ்நாட்டுக்குப் போய் வர வேண்டும். இதற்கு நாள் ஆகும். செலவும் ஆகும்.

வெளியுறவு அமைச்சகம் தன் வேலைக்கு மனு வாங்கச் சில நிறுவனங்களை நியமித்துள்ளது. அவர்களிடம் மட்டும் கொடுங்கள். தெருவில் கேட்பவரிடம் அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள். யாரிடம் கொடுத்தாலும் ரசீது வாங்குங்கள். கொடுக்கும் முன் நகல் எடுத்து வையுங்கள்.

4. விசாவில் மூன்று வரி

இதற்கிடையில் ஓர் ஏஜென்ட் அக்காவிடம் பேசினார்.

"ஏன் அலைகிறீர்கள்? நான் விசிட் விசா வாங்கித் தருகிறேன். ஒரு வாரத்தில் போகலாம். அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்."

அக்காவுக்கு ஆசையாக இருந்தது. பிள்ளைகள் தினமும் "அப்பாகிட்ட எப்போ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மையத்தில் எல்லாரும் சேர்ந்து பேசினோம்.

விசிட் விசா என்பது பார்த்துவிட்டுத் திரும்புவதற்கு. குடியிருப்பு விசா என்பது அங்கே வாழ்வதற்கு. விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளும் வழி உண்டு. ஆனால் அதற்கும் இதே காகிதங்கள்தான் வேண்டும். காகிதம் தயாராக இல்லாவிட்டால் நாட்கள் ஓடிவிடும். நாள் முடிந்தும் தங்கினால், ஒரு நாளைக்கு 50 திர்ஹாம் அபராதம். திர்ஹாம் என்பது அந்த நாட்டுப் பணம்.

அக்கா பலகையில் கணக்குப் போட்டார்.

40 நாள் அதிகம் தங்கினால்: 40 × 50 = 2,000 திர்ஹாம்.
அக்கா, கவிதா, குமார் மூன்று பேர்: 3 × 2,000 = 6,000 திர்ஹாம்.

"அவருக்கு மாதம் 4,500 திர்ஹாம்தானே சம்பளம்!" என்றார் அக்கா. ஏஜென்ட் பேச்சு அதோடு முடிந்தது.

விசா கையில் வந்ததும் மூன்று வரிகளைப் படியுங்கள்.

முதல் வரி: பெயர். பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா?
இரண்டாம் வரி: வகை. விசிட்டா, குடியிருப்பா, வேலையா?
மூன்றாம் வரி: தேதி. எந்த நாளுக்குள் உள்ளே போக வேண்டும்? எத்தனை நாள் இருக்கலாம்?

வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக 'ஈ.சி.ஆர்.' வகையாக இருக்கும். அவர்கள் அமீரகம், சவூதி அரேபியா, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போக, இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். விசிட் விசாவில் போய் வேலை செய்வது குற்றம். இப்படிப் போனவர்களுக்குச் சம்பளம் கிடைக்காவிட்டால் புகார் சொல்லவும் பயமாக இருக்கும். பதிவு பெற்ற ஏஜென்டா என்று அரசின் 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பார்க்கலாம். 1800 11 3090 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம்.

அக்கா போவது வேலைக்கு அல்ல, கணவரோடு வாழ. ஆனாலும் அவருடையது 'ஈ.சி.ஆர்.' பாஸ்போர்ட். எனவே திருமணச் சான்றிதழ், கணவரின் விசா நகல் இரண்டையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னோம்.

5. போவதா, பொறுப்பதா?

குடும்பத்தை அழைக்க அமீரகத்தில் ஒரு விதி உண்டு. 2019-ஆம் ஆண்டு வந்த விதி அது. மாதச் சம்பளம் குறைந்தது 4,000 திர்ஹாம் இருக்க வேண்டும். அல்லது 3,000 திர்ஹாமும், கம்பெனி கொடுத்த வீடும் இருக்க வேண்டும். கணேசன் அண்ணனுக்குச் சம்பளம் 4,500. விதிப்படி அழைக்கலாம்.

ஆனால் விதி அனுமதித்தால் மட்டும் போதுமா? அடுப்பு எரிய வேண்டாமா?

அன்று இரவு அக்கா போனில் கேட்டார். அண்ணன் சொல்லச் சொல்ல எழுதினார்.

வீட்டு வாடகை: 1,900
மின்சாரம், தண்ணீர், எரிவாயு: 350
இரண்டு பிள்ளைகள் பள்ளிக் கட்டணம்: 800
பள்ளிப் பேருந்து: 300
சாப்பாடு: 900
போன், பயணம்: 250
மொத்தம்: 4,500 திர்ஹாம்

வரவு 4,500. செலவு 4,500. மீதி பூஜ்யம்.

அக்கா வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். இதுவரை அண்ணன் மாதம் 2,000 திர்ஹாம் அனுப்பி வந்தார். அதில்தான் மாமியாருக்குச் சர்க்கரை நோய் மருந்து. அக்காவின் இட்லி வருமானம் தனி. அங்கே போனால் இரண்டும் நின்றுவிடும்.

"அங்கேயும் நான் இட்லி அவித்து விற்பேன்" என்றார் அக்கா.

அது முடியாது. கணவர் விசாவில் போகிற மனைவி, தனி அனுமதி இல்லாமல் வேலை செய்யக் கூடாது. உரிமம் இல்லாமல் வீட்டில் சமைத்து விற்கவும் கூடாது.

முதல் மாதச் செலவும் உண்டு. வீட்டுக்கு முன்பணம், மின்சார இணைப்புக்கு முன்பணம், விசா, மருத்துவப் பரிசோதனை, அடையாள அட்டை, மூன்று டிக்கெட். அங்கே வாடகையை மாதா மாதம் கொடுக்கும் வழக்கம் குறைவு. ஓராண்டு வாடகையைச் சில காசோலைகளாக முன்னதாகவே எழுதிக் கொடுக்க வேண்டும். கணக்கில் பணம் இல்லாமல் காசோலை திரும்பினால் பெரிய தொல்லை.

கடன் வாங்கிப் போகலாமா? அக்கா வேண்டாம் என்றார். "கடனோடு போனால் அங்கே போயும் தூக்கம் வராது."

இருவரும் பேசி முடிவெடுத்தார்கள். ஓராண்டு பொறுப்பது என்று. அதற்குள் அண்ணன் முதல் செலவுக்குப் பணம் சேர்க்க வேண்டும். அக்கா இட்லிப் பணத்தில் டிக்கெட்டுக்குச் சேர்க்க வேண்டும். கம்பெனியில் சம்பள உயர்வு கேட்க வேண்டும்.

அன்று குமார் தூங்கும்வரை அழுதான். அக்காவும் அழுதார். ஆனாலும் முடிவை மாற்றவில்லை.

6. பிள்ளைகளின் படிப்பு

அங்கே இந்தியப் பிள்ளைகள் பெரும்பாலும் தனியார் இந்தியப் பள்ளிகளில் படிக்கிறார்கள். கட்டணம் உண்டு. நம் நாட்டுப் பாடத்திட்டம்தான். பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்கும். நடுவில் போனால் இடம் கிடைப்பது கடினம். எனவே பள்ளியில் இடம் கேட்டு உறுதி செய்த பின் டிக்கெட் எடுங்கள்.

மாற்றுச் சான்றிதழ் வாங்க வேண்டும். இதை டி.சி. என்போம். அதில் கல்வி அதிகாரியின் மேலொப்பமும் முத்திரையும் வேண்டுமா என்று புதிய பள்ளியில் கேளுங்கள். மதிப்பெண் பட்டியல், தடுப்பூசி அட்டை இரண்டையும் எடுத்துப் போங்கள்.

கவிதா மாநகராட்சியின் தமிழ் வழிப் பள்ளியில் படித்தாள். அங்கே ஆங்கில வழிப் பள்ளி. பொறுத்த ஓராண்டில் அவள் மையத்தில் ஆங்கிலம் படித்தாள். அம்மாவும் மகளும் ஒரே பாயில் உட்கார்ந்து எழுதினார்கள். தமிழை விட வேண்டாம் என்றும் சொன்னோம். பாட்டிக்கு வாரம் ஒரு தமிழ்க் கடிதம் எழுதுவதாகக் கவிதா சொன்னாள்.

7. பெட்டியில் எது கூடாது?

இப்போது பெட்டி கட்டலாம். ஆனால் கவனம்.

கசகசா: நாம் குருமாவில் அரைத்து ஊற்றுகிறோம். நமக்கு அது மசாலாப் பொருள். அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள். கசகசா அபினிச் செடியின் விதை. ஒரு பிடி கசகசா இருந்தாலும் போலீஸ் வழக்கு வரலாம். வீட்டில் அரைத்த மசாலாவில் கசகசா சேர்த்திருந்தால் அதையும் எடுத்துப் போகாதீர்கள்.

வெற்றிலை பாக்கு, பான், குட்கா, மெல்லும் புகையிலை: வேண்டாம்.

மருந்து: சில இருமல் மருந்துகளில் கோடீன் இருக்கிறது. சில வலி மாத்திரைகளில் டிராமடால் இருக்கிறது. இவற்றை அனுமதி இல்லாமல் கொண்டுபோவது குற்றம். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்துச் சீட்டை வாங்கி உடன் வையுங்கள். மாத்திரையை அதன் அட்டையோடு வையுங்கள்.

எண்ணெய், நெய், ஊறுகாய்: கைப்பையில் வைக்காதீர்கள். கொப்பரைத் தேங்காய் எளிதில் தீப்பிடிக்கும். விமானத்துக்கு வேண்டாம்.

பிறர் கொடுக்கும் பொட்டலம்: "என் தம்பிக்கு இதைக் கொடுத்துவிடுங்கள்" என்று ஒருவர் வருவார். முகம் பார்த்து வாங்கிவிடுவோம். உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. பிடிபட்டால் பெட்டி யாருடையதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். எனவே பிரித்துப் பார்க்காத எதையும் வாங்காதீர்கள். உறவு கெட்டாலும் பரவாயில்லை.

அசல் சான்றிதழ்கள்: கைப்பையில் மட்டும் வையுங்கள். நகல் ஒரு கட்டு பெட்டியில் இருக்கட்டும். இன்னொரு கட்டு ஊரில் நம்பிக்கையானவரிடம் இருக்கட்டும்.

8. அங்கே முதல் மாதம்

• 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் உண்டு. பயப்பட வேண்டாம்.
• எமிரேட்ஸ் அடையாள அட்டை ஒவ்வொருவருக்கும் வேண்டும். 2022 முதல் குடியிருப்பு விசாவைப் பாஸ்போர்ட்டில் ஒட்டுவதில்லை. அந்த அட்டைதான் அடையாளம். அதன் கடைசித் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.
• வாடகை ஒப்பந்தத்தை நகராட்சியில் பதியுங்கள். ஒரே வீட்டைப் பலகை போட்டுத் தடுத்து வாடகைக்கு விடுவார்கள். அது சட்டத்துக்குப் புறம்பானது. தீ விபத்து ஆபத்தும் அதிகம்.
• பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்க வேண்டும். முதலாளி அதைப் பிடித்து வைப்பதை அந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கவில்லை.
• மருத்துவக் காப்பீடு மனைவி, பிள்ளைகளுக்கும் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஒரு காய்ச்சல்கூடச் சம்பளத்தை விழுங்கிவிடும்.
• போலீஸ் எண் 999. ஆம்புலன்ஸ் எண் 998. தீயணைப்பு எண் 997. பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். வீட்டு முகவரியையும் சொல்லப் பழக்குங்கள்.
• துபாயில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. அதன் உதவி எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.
• தெரியாதவர்களைப் படம் எடுக்காதீர்கள். கெட்ட வார்த்தையோ, வதந்தியோ போனில் அனுப்பாதீர்கள். அங்கே அவை குற்றம்.
• அங்கே குழந்தை பிறந்தால் ஓராண்டுக்குள் இந்தியத் துணைத் தூதரகத்தில் பதியுங்கள்.
• ஊருக்கு வந்தால் தொடர்ந்து 6 மாதத்துக்கு மேல் தங்காதீர்கள். தங்கினால் பொதுவாகக் குடியிருப்பு உரிமை போய்விடும். பிரசவத்துக்கு வரும் பெண்கள் இதை மறக்கக் கூடாது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே கடும் வெயில். பகலில் பிள்ளைகளை வெளியே விட முடியாது. மனைவி நாள் முழுவதும் நாலு சுவருக்குள் இருப்பார். தாராவியில் கதவைத் திறந்தால் நாலு முகம் தெரியும். அங்கே கதவு மூடியே இருக்கும். அதனால் மனம் வாடும். இது நோய் அல்ல. ஆனால் பேசாமல் விட்டால் நோயாகும். அக்கம்பக்கத்தில் நீங்களே போய்ப் பேசுங்கள். தமிழர், மலையாளி, வங்காளி எல்லாரும் இருப்பார்கள். மும்பையில் கற்ற இந்தி அங்கே நன்றாக உதவும். மாலையில் பிள்ளைகளோடு நடந்து வாருங்கள்.

9. ஊரில் விட்டுப் போவது

போகிறவர்களுக்கு மட்டும் ஏற்பாடு செய்தால் போதாது. இருப்பவர்களுக்கும் ஏற்பாடு வேண்டும்.

மாமியாரை யார் பார்ப்பது? அக்காவின் நாத்தனார் பார்ப்பதாகச் சொன்னார். "சும்மா சொன்னால் போதாது. மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில் அனுப்புவோம் என்று பேசிவிடுவோம்" என்றார் அக்கா. பேசி ஒரு நோட்டில் எழுதினார்கள்.

வெளிநாட்டில் குடியிருப்பவர் ஊரில் உள்ள சேமிப்புக் கணக்கை 'என்.ஆர்.ஓ.' கணக்காக மாற்ற வேண்டும். வங்கியில் கேளுங்கள். வெற்றுத் தாளிலோ, வெற்றுக் காசோலையிலோ கையெழுத்துப் போட்டு யாரிடமும் கொடுக்காதீர்கள். கூடப் பிறந்தவரே கேட்டாலும் கூடாது.

10. ஏப்ரல் மாதம்

ஓராண்டு ஓடியது. அண்ணனுக்கு 500 திர்ஹாம் சம்பளம் கூடியது. இப்போது 5,000. செலவு 4,500. மீதி 500. அது மாமியாரின் மருந்துக்கு. சேமிப்பு இல்லை. ஆனால் கடனும் இல்லை.

இந்த முறை விசா வந்ததும் அக்கா அதை என்னிடம் கொடுக்கவில்லை. தானே படித்தார். பெயர் சரி. வகை குடியிருப்பு. தேதி சரி.

நாங்கள் விமான நிலையம் வரை போனோம். உள்ளே எங்களுக்கு அனுமதி இல்லை. அக்கா வாசலில் நின்று பலகையைப் பார்த்தார். பிறகு திரும்பி எங்களைப் பார்த்துச் சொன்னார்: "ஷார்ஜா, அந்தப் பக்கம்."

யாரையும் கேட்காமல், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

இரண்டு வாரம் கழித்துப் போன் வந்தது. "தங்கச்சி, குமார் இப்போது 'அப்பா' என்று மட்டும் கூப்பிடுகிறான்" என்றார்.

நண்பர்களே, வெளிநாடு போவது நல்லதா கெட்டதா என்று இந்தப் பாடம் சொல்லவில்லை. அது ஒவ்வொரு குடும்பத்தின் முடிவு. ஆனால் முடிவெடுக்கும் முன் காகிதத்தைப் படியுங்கள். கணக்கைப் போடுங்கள். கணவர் மட்டும் படித்தால் போதாது. மனைவியும் படிக்க வேண்டும். பெட்டியைப் பிறகு கட்டலாம்.

பயிற்சி

அ. கலந்து பேசுங்கள்

1. முத்துலட்சுமி அக்கா ஓராண்டு பொறுத்தது சரியா? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?
2. உங்களுக்குத் தெரிந்த யாராவது வெளிநாட்டில் காகிதத்தால் சிரமப்பட்டார்களா? எதனால்?
3. மனைவியின் பாஸ்போர்ட்டையும் கணவரே வைத்திருக்கலாமா? ஏன்?

ஆ. கணக்குப் போடுங்கள்

1. விசா நாள் முடிந்து 15 நாள் அதிகம் தங்கினால் ஒருவருக்கு எவ்வளவு அபராதம்? நாலு பேருக்கு எவ்வளவு?
2. ஒரு குடும்பத்துக்கு மாத வரவு 4,800 திர்ஹாம். வாடகை 2,000. சாப்பாடு 1,000. பள்ளி 900. மற்றவை 600. மீதி எவ்வளவு?

இ. சரியா, தவறா?

1. கசகசாவை அமீரகத்துக்கு எடுத்துப் போகலாம்.
2. விசிட் விசாவில் போய் வேலை செய்யலாம்.
3. கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும்.

ஈ. படியுங்கள், எழுதுங்கள்

பாஸ்போர்ட், விசா, சான்றிதழ், தூதரகம், ஒப்பந்தம், காப்பீடு, குடியிருப்பு

உ. வீட்டு வேலை

உங்கள் வீட்டிலுள்ள எல்லாருடைய ஆதார் அட்டையையும், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் எடுங்கள். பெயர்களை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் நோட்டில் எழுதி, அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.